‘பவர் பாப்’ என்பதற்குத் தமிழில் என்ன?

பிக் ஸ்டார் என்ற அமெரிக்க ராக் குழுவைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் குறைவு. எழுதுகிற ஓரிருவரும் அதைச் ‘சக்தி பாப் இசைக்குழு’ என்றோ ‘ஆற்றல்மிகு வெகுசன இசைக்குழு’ என்றோ அறிமுகப்படுத்துகிறார்கள். அண்மையில் ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையில் இரண்டு பெயர்களும் ஒரே பக்கத்தில் வந்தன. போதாக்குறைக்குக் குழுவின் பெயரையும் ‘பெரிய நட்சத்திரம்’ என்று மாற்றியிருந்தார்கள். எழுபதுகளில் கவனிக்கப்படாமல் போய், ஐம்பது ஆண்டு கழித்தும் ஆட்களைப் பிடித்து இழுக்கிற ஒரு குழுவைத் தமிழ் வாசகர் இப்படித்தானா முதன்முதலில் சந்திக்க வேண்டும்?

சொற்பிறப்பை முதலில் முடித்துவிடலாம். ‘பாப்’ என்பது ‘பாப்புலர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். அதற்கு வேர், மக்கள் என்று பொருள்படும் ஒரு இலத்தீன் சொல். ‘பவர்’ பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இரண்டையும் சேர்த்துப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் தி ஹூ என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் கிதார் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட். 1967இல் ஒரு பேட்டியில், தாங்கள் வாசிப்பது பவர் பாப், ஸ்மால் ஃபேசஸ் குழு முன்பு வாசித்ததும் பீச் பாய்ஸ் தொடக்க காலத்தில் வாசித்ததும் அதுதான் என்று சொன்னார். சொல் பரவலானது பிற்பாடு. 1978இல் அமெரிக்காவின் ‘பாம்ப்’ இசை இதழ் பவர் பாப்புக்கென்றே ஒரு சிறப்பிதழ் போட்டது. அடுத்த ஆண்டு தி நாக் குழுவின் ‘மை ஷரோனா’ என்ற பவர் பாப் பாடல் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. பிக் ஸ்டார் அதற்குள் கலைந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்த வகைக்கு முன்மாதிரி என்று இன்று எல்லோரும் சுட்டுகிற குழுவுக்கு அந்தப் பெயரே பின்னால்தான் சூட்டப்பட்டது.

சரி, இனி அந்த இரண்டு மொழிபெயர்ப்புகளுக்கு வருகிறேன்.

‘சக்தி பாப்’ என்பதில் முதல் கோளாறு ‘சக்தி’. அகராதியைத் திறந்து, ‘பவர்’ என்பதற்கு நேரே முதலில் இருக்கிற சொல்லை எடுத்து ஒட்டுவதால் வருவது இது. தமிழில் ‘பவர்’ எத்தனை விதமாகப் புழங்குகிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தச் சொல் வந்திருக்காது. பவர் கட் என்றால் மின்வெட்டு. பத்திரப்பதிவு அலுவலகத்தில் பவர் கொடுத்திருக்கிறார் என்றால் அதிகாரம் கொடுத்திருக்கிறார் என்று பொருள். கண் மருத்துவரிடம் போனால் கண்ணாடிக்குப் பவர் கூடிவிட்டது என்பார். ஹார்ஸ்பவரைக் குதிரைத்திறன் என்று அழகாகச் சொல்லிவிட்டோம். இவற்றுக்கெல்லாம் ‘சக்தி’ என்று ஒரே சொல்லையா எழுதுகிறோம்? இடம் பார்த்துப் பொருள் கொள்ளத் தமிழருக்குத் தெரியும். இசைக் கட்டுரை என்று வந்ததும் அந்தப் பழக்கத்தை ஏன் கைவிட வேண்டும்?

அது போக, இசைப் பேச்சில் ‘சக்தி’ ஏற்கெனவே ஒரு குழுவின் பெயர். ஜான் மெக்லாக்லின், எல். சங்கர், சாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம் ஆகியோர் எழுபதுகளில் சேர்ந்து வாசித்த குழு அது. ‘சக்தி பாப்’ என்று படிக்கிற இசை ரசிகர் முதலில் அந்தப் பக்கம்தான் போவார். கடமும் வயலினும் தேடுவார். மெம்ஃபிஸ் நகரத்து நான்கு இளைஞர்களின் மின்கிதார் அவர் மனதுக்கு எட்டவே எட்டாது.

பவர் பாப்பில் உள்ள ‘பவர்’ கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. ஆம்ப்ளிஃபயரைத் திருகி ஏற்றி வாசிக்கிற கிதார் சுரக்கோவைகள் (கார்டுகள்), இறங்கி அடிக்கிற டிரம்ஸ். ஒலியின் கடினம் அது. அதன் மேல் சன்னமான குரலில், இரண்டு மூன்று பேர் சேர்ந்து பாடுகிற, ஒரு தடவை கேட்டாலே மனதில் உட்காருகிற மெட்டு. கடினமும் மென்மையும் ஒரே நேரத்தில் ஒலிப்பதுதான் இந்த வகையின் இலக்கணம். ஒன்று குறைந்தாலும் வேறு வகையாகிவிடும்: மெட்டுப் போனால் ஹார்ட் ராக், கிதார் போனால் சாதாரண பாப்.

இரண்டாவது கோளாறு இன்னும் பெரியது. ‘வெகுசன இசை’ என்றால் பெருந்திரளான மக்கள் கேட்கும் இசை. ‘பரப்பிசை’ என்பாரும் உண்டு. பரவலாகப் போய்ச் சேர்வது என்ற பொருளில். பிக் ஸ்டாரை இந்தச் சொற்களுக்குள் அடைக்கவே முடியாது. அலெக்ஸ் சில்டன், கிறிஸ் பெல், ஆண்டி ஹம்மெல், ஜோடி ஸ்டீவன்ஸ் என்ற நால்வர் 1971இல் மெம்ஃபிஸில் சேர்ந்தார்கள். 1972இல் முதல் ஆல்பம் வந்தது. விமர்சகர்கள் வாயாரப் பாராட்டினார்கள். கடைகளில் இசைத்தட்டு இல்லை. அவர்களுடைய ஆர்டென்ட் நிறுவனத்தின் தட்டுகளை விநியோகித்தது ஸ்டாக்ஸ். ஓடிஸ் ரெடிங், ஐசக் ஹேஸ் போன்ற, சோல் என்கிற கறுப்பின அமெரிக்க இசையின் கலைஞர்களுடைய நிறுவனம். வெள்ளை இளைஞர்களின் ராக் தட்டை எந்தக் கடைக்கு அனுப்புவது என்கிற வழிமுறை அவர்களிடம் இல்லை. அப்புறம் ஸ்டாக்ஸ் தன் விநியோகத்தைக் கொலம்பியா என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அந்த ஒப்பந்தத்தைச் செய்த அதன் தலைவர் கிளைவ் டேவிஸ் 1973இல் கொலம்பியாவிலிருந்து வெளியேற்றப்பட்டார், ஏற்பாடும் நொண்டியடித்தது. 1974இல் வந்த இரண்டாவது ஆல்பமான ‘ரேடியோ சிட்டி’க்கும் அதே கதி. முதல் ஆல்பம் வந்த காலத்தில் பத்தாயிரம் பிரதிகூட விற்கவில்லை. இவர்களுக்குப் போய் ‘வெகுசன’ என்று அடைமொழி கொடுத்தால் அது வரலாற்றுக்கே முரண்.

‘பாப்’ என்ற ஆங்கிலச் சொல்லிலும் அதே முரண் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் அந்தச் சொல் தன் வேரை விட்டு எப்போதோ விலகி வந்துவிட்டது. அங்கே ‘பாப்’ என்றால் பாட்டின் வடிவம்: மூன்று நிமிடத்துக்குள் அடங்கும், சரணம், திரும்ப வரும் பல்லவி, காதில் ஒட்டும் மெட்டு. ஒருவர் அறைக்குள் உட்கார்ந்து பாடி, ஒருவருமே கேட்காவிட்டாலும் அது பாப் பாட்டுதான். ‘வெகுசன’ என்று நாம் மொழிபெயர்க்கும்போது, ஆங்கிலம் மறந்துவிட்ட வேர்ப்பொருளைத் தோண்டியெடுத்துத் தமிழ் வாசகர் தலையில் சுமத்துகிறோம். ஒரு சொல் இன்று என்ன வேலை செய்கிறது என்று பார்க்காமல் அது எங்கே பிறந்தது என்று மட்டும் பார்க்கிற இந்தப் பழக்கம்தான் நம் கலைச்சொல் பட்டியல்கள் பலவற்றைப் பயன்படாமல் ஆக்கியிருக்கிறது.

வடிவத்தைக் குறிக்க நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது: மெல்லிசை. மெல்லிசைக் கச்சேரி, மெல்லிசைக் குழு, மெல்லிசை மன்னர் என்று வாய்க்குப் பழகிய சொல். விற்பனைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை; ஓடாத படத்தின் பாட்டும் மெல்லிசைதான். ஆலாபனை, விரிவு என்றெல்லாம் போகாமல் மெட்டை முன்னிறுத்தும் சிறிய பாட்டு என்கிற பொருள் அதில் தெளிவாக இருக்கிறது.

ஈழத்து வாசகர்கள் ஒரு மறுப்புச் சொல்லக்கூடும், அது நியாயமான மறுப்பு. இலங்கை வானொலியில் ஈழத்து மெல்லிசைப் பாடல்கள் ஒரு வகை, பொப் பாடல்கள் வேறு வகை. ஏ.ஈ. மனோகரன் பாடியது பொப். அதை யாரும் மெல்லிசை என்று சொல்லமாட்டார்கள். உண்மைதான். ஆனால் அங்கே ‘பொப்’ என்பது பைலா என்ற இலங்கை ஆட்ட இசையின் துள்ளலைக் கொண்ட பாட்டு. அதைத் துள்ளிசை என்றால் பொருந்தும். பவர் பாப் ஆடுவதற்கான இசை அல்ல. அதில் உள்ள ‘பாப்’ மெட்டைத்தான் சுட்டுகிறது. ஆகவே மெல்லிசை இங்கே சரியாக உட்காருகிறது.

முன்பகுதிக்கு ‘வன்’ என்பதே என் தேர்வு. வன்மெல்லிசை. ‘வன்’ என்றதும் வன்முறை நினைவுக்கு வருகிறது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கணினி உலகம் வன்பொருள், மென்பொருள் என்று எழுதத் தொடங்கியபோது அப்படிச் சுளித்தவர்கள் இன்று அவற்றை யோசிக்காமல் எழுதுகிறார்கள். ‘வலுமெல்லிசை’ என்றும் பார்த்தேன். வலு என்றால் உடல் பலம் என்று போய்விடுகிறது, ஒலியின் கடினம் அதில் வருவதில்லை. ‘வன்’ அதைக் கொண்டுவருகிறது. ஏனென்றால் ஒலியை வன்மை, மென்மை என்று பிரித்துப் பேசுவது தமிழ் இலக்கணத்தின் மிகப் பழைய பழக்கம். தொல்காப்பியம் செய்யுளியலில் இருபது வண்ணங்களை, அதாவது செய்யுளின் ஓசை வகைகளை, சொல்லும்போது, வல்லெழுத்து மிகுந்து வருவதை வல்லிசை வண்ணம் என்றும் மெல்லெழுத்து மிகுந்து வருவதை மெல்லிசை வண்ணம் என்றும் பெயரிடுகிறது. இரண்டு சொற்களும் ஆயத்தமாக இருக்கின்றன. இரண்டும் கலப்பதில் முரண்பாடும் கிடையாது. தங்கம், மஞ்சள், வண்டு, பந்து, அம்பு என்று சொல்லிப் பாருங்கள். மெல்லினம் தன் இனமான வல்லினத்தோடு சேர்ந்து ஒலிப்பதுதான் தமிழில் இயல்பு.

இந்தச் சொல் பொருந்துகிறதா என்று சோதிக்க ‘ரேடியோ சிட்டி’யில் உள்ள ‘செப்டம்பர் கர்ல்ஸ்’ ஒன்றே போதும். மூன்று நிமிடம்கூட இல்லை. எடுத்த எடுப்பில் கிதார் உச்சத் தந்திகளில் கணீரென்று ஒலிக்கிறது; ஒலிப்பதிவில் அதை இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள், அதனால் ஒவ்வொரு மீட்டலும் உலோகத்தின் விளிம்போடு வந்து விழுகிறது. ஜோடி ஸ்டீவன்ஸின் டிரம்ஸ் அடிகள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கின்றன. இத்தனைக்கும் நடுவில் சில்டனின் குரல் மெலிந்து, சற்றே கம்மி, டிசம்பரில் பிறந்த பையன்களின் பாட்டைப் பாடுகிறது. அவரே டிசம்பரில் பிறந்தவர். கவனிக்க வேண்டியது அந்தக் குரல். இதே மனிதர் பதினாறு வயதில், 1967இல், பாக்ஸ் டாப்ஸ் குழுவில் ‘தி லெட்டர்’ பாடலைக் கரகரத்த, வயது முதிர்ந்த குரலில் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தவர். பிக் ஸ்டாருக்கு வந்தபோது அந்த வன்குரலை வைத்துவிட்டார். வன்மையைக் கிதாரிடம் கொடுத்துவிட்டு, மென்மையைத் தான் எடுத்துக்கொண்டார். வன்மெல்லிசை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்தக் குழு ஏன் இன்னும் ஈர்க்கிறது என்பதற்கும் விடை அங்கேதான் இருக்கிறது. இந்த இசையில் வெற்றியின் மிடுக்கு இல்லை. பலமாக வாசிக்கிறார்கள், ஆனால் பாடுகிறவர் காயம்பட்டவராகவே இருக்கிறார். அடுத்த தலைமுறை கிதார் குழுக்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டன. ஆர்.இ.எம். குழுவினர் தங்களுக்குப் பிக் ஸ்டார் எவ்வளவு முக்கியம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பேங்கிள்ஸ் குழு 1986இல் ‘செப்டம்பர் கர்ல்ஸ்’ பாடலைத் தாங்களும் பதிவுசெய்தது. ரீப்ளேஸ்மென்ட்ஸ் 1987இல் ‘அலெக்ஸ் சில்டன்’ என்ற பெயரிலேயே ஒரு பாட்டுப் போட்டார்கள். விற்காத தட்டு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய்க்கொண்டே இருந்தது. கிறிஸ் பெல் இதில் எதையும் பார்க்கவில்லை. முதல் ஆல்பத்தின் தோல்வி தாங்காமல் குழுவை விட்டு விலகிய அவர், 1978 டிசம்பரில் கார் விபத்தில் இறந்தபோது வயது இருபத்தேழு.

பெயர் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். பிக் ஸ்டார் என்பது ஆர்டென்ட் ஸ்டுடியோவுக்கு எதிரே இருந்த மளிகைக் கடையின் பெயர். அந்தச் சங்கிலிக் கடைகளின் பெயரைத்தான் குழு எடுத்துக்கொண்டது. கடைப் பெயரை ‘பெரிய நட்சத்திரம்’ என்று மொழிபெயர்த்தால் வானியல் கட்டுரை என்று எண்ணத் தோன்றும். அதே கட்டுரையில் ‘நம்பர் ஒன் ரெக்கார்ட்’ என்ற முதல் ஆல்பத்தின் பெயர் ‘முதல் இசைத்தட்டு’ என்று வந்திருந்தது. அந்தத் தலைப்பு சொல்வது விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடிக்கப் போகிற தட்டு என்பதை. இருபது இருபத்தொரு வயதுப் பையன்களின் பெரிய ஆசை அது. அந்த ஆசை தெரியாவிட்டால் அடுத்து நடந்ததன் வலியும் வாசகருக்குத் தெரியாது. குழுக்களின் பெயரையும் ஆல்பங்களின் பெயரையும் ஒலிபெயர்த்துவிட்டு, பொருள் வேண்டிய இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதும். இதற்குப் பெரிய புலமை தேவையில்லை, பாட்டை ஒருமுறை கேட்டுவிட்டு எழுத உட்கார்ந்தால் போதும்.

வன்மெல்லிசை பிடிக்காவிட்டால் ‘பவர் பாப்’ என்றே எழுதுங்கள்; ‘சக்தி பாப்’ மட்டும் வேண்டாம். பிடித்தால், பிக் ஸ்டாரின் எல்லாப் பாட்டுக்கும் அதை ஒட்டிவிடாதீர்கள். 1974இல் ஜிம் டிக்கின்சன் தயாரிப்பில் பதிவாகி 1978இல்தான் வெளிவந்த மூன்றாவது ஆல்பம் மெதுவாக, சிதறி, சில இடங்களில் நின்றே போய்விடுகிற இசை. அதற்கு இந்தப் பெயர் செல்லாது. முதல் ஆல்பத்தில் உள்ள ‘தர்ட்டீன்’ மரக்கிதாரும் குரல்களும் மட்டுமே உள்ள பாட்டு. அதை மெல்லிசை என்றே எழுதலாம், முன்னால் எதுவும் சேர்க்க வேண்டியதில்லை.