கறுத்த தோலை நம்பாதீர்கள், அயோடினைக் கேளுங்கள்

முருகேஷ்பாளையாவில் இருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "முட்டை, பால், வெண்ணெய் எதுவும் இல்லாமல் வீகன் வாழைப்பழ பிரெட் செய்தேன். நன்றாகக் கறுத்த பழம் போடணும் என்றார்கள். மார்க்கெட்டில் ரொபஸ்டா வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்தேன், தோல் கன்னங்கரேலென்று ஆகிவிட்டது. ஆனால் பிரெட் இனிக்கவே இல்லை, உள்ளே களியாக நின்றுவிட்டது. முட்டை போடாததுதான் காரணமா?"

இல்லை, காரணம் பழம்தான். முட்டையின் புரதம் சூட்டில் இறுகி மாவைத் தாங்கும், உண்மை. ஆனால் அது இல்லாவிட்டாலும் மைதாவின் குளூட்டன் என்ற புரதமும் வெந்து வீங்கும் மாவுச்சத்தும் அந்த வேலையைச் செய்துவிடும், பழக்கூழில் உள்ள பெக்டின் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சமையல் சோடா வாயுவைக் கொடுக்கும். என்ன, முட்டை இல்லாத இடத்தில் பழத்தின் பொறுப்பு கூடிவிடுகிறது. அதனால்தான் அது உண்மையிலேயே கனிந்திருக்க வேண்டும்.

வாழைக்காயின் சதை எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மாவுச்சத்து. முழுதாகக் கனிந்த பழத்தில் அது 1, 2 சதவீதம்தான். இதற்கிடையில் நடப்பதெல்லாம் எத்திலீன் என்ற சின்ன வாயு மூலக்கூறு கொடுக்கும் உத்தரவால் நடப்பது. எத்திலீன் பட்டால் பழம் தானே இன்னும் எத்திலீன் உண்டாக்கும், அது பக்கத்துப் பழத்தையும் கிளப்பிவிடும். ஊரில் தார்களை அறைக்குள் அடுக்கிப் புகைமூட்டம் போட்டார்களே, அந்தப் புகையிலும் எத்திலீன் உண்டு. அப்புறம் அமைலேஸ் முதலான நொதிகள் மாவுச்சத்தை வெட்டத் தொடங்கும், முதலில் சுக்ரோஸ் சேரும், அதிலிருந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் வரும்.

இது சதைக்குள் நடக்கும் கதை. தோல் கறுப்பது வேறு கதை. தோலின் செல் சவ்வுகள் உடைந்தால் உள்ளே தனித்தனியாக இருந்த ஃபீனால் பொருள்களும் அவற்றை ஆக்சிஜனேற்றும் நொதியும் ஒன்றுகூடும், உடனே கறுப்பு. நன்றாகப் பழுத்தாலும் சவ்வு தளரும், 13 டிகிரிக்குக் கீழே குளிரவைத்தாலும் சேதமாகும். ஃப்ரிட்ஜில் நடந்தது இரண்டாவது. தோல் கறுத்தது, ஆனால் அதே குளிரில் சதையின் நொதிகள் முடங்கிவிட்டன, மாவுச்சத்து அப்படியே நின்றுவிட்டது. மஞ்சள் பழத்தை ஓவனில் சுட்டுக் கறுக்க வைக்கும் குறுக்குவழியும் இதே மாதிரிதான், சூடு நொதிகளுக்குப் போதிய நேரம் கொடுப்பதில்லை. சட்டவிரோதமாக கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த பழத்தில் தோல் மஞ்சளாகவும் உள்ளே காயாகவும் இருப்பதும் இப்படித்தான், தோல் முந்திக்கொள்கிறது.

சரி, சதை கனிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை வருகிறது. மெடிக்கல் ஷாப்பில் காயத்துக்குப் போடும் பொவிடோன் அயோடின் கிடைக்கும். அதைக் கொஞ்சம் தண்ணீரில் கலந்து, பழத்தைக் குறுக்கே வெட்டிய ஒரு வில்லையில் ஒரு சொட்டு விடுங்கள் (அந்த வில்லையைச் சாப்பிட வேண்டாம்). காயாக இருந்தால் மையைக் கொட்டியது போல் கருநீலமாகும். பாதி கனிந்ததில் திட்டுத்திட்டாக நீலம் தெரியும். முழுதாகக் கனிந்ததில் அயோடினின் சொந்தப் பழுப்பு நிறம் மட்டும் நிற்கும்.

பள்ளியில் செய்த சோதனைதான். ஆனால் ஏன் நீலம் என்று பள்ளியில் யாரும் சொல்வதில்லை. மாவுச்சத்தில் அமைலோஸ் என்ற பகுதி இருக்கிறது, ஆயிரக்கணக்கான குளுக்கோஸ்கள் கோத்த நீண்ட சங்கிலி, அது ஸ்பிரிங் போலச் சுருண்டிருக்கும், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 6 குளுக்கோஸ். அந்தச் சுருளின் நடுவே உள்ள வெற்றிடத்தில் அயோடின் அணுக்கள் வரிசையாக நுழைந்து ஒரே கோடாக நிற்கும். தனித்தனியாக இருந்தபோது பழுப்பாகத் தெரிந்த அயோடின், இப்படி வரிசையில் நின்றதும் எலக்ட்ரான்கள் அந்த வரிசை நெடுகப் பரவுவதால் ஒளியின் மஞ்சள், ஆரஞ்சுப் பகுதியை விழுங்கிவிடுகிறது, நம் கண்ணுக்கு நீலம் மிஞ்சுகிறது. வரிசை நீளமாக இருந்தால்தான் இது நடக்கும். அமைலேஸ் சங்கிலியை வெட்ட வெட்டச் சுருள் குட்டையாகும், வரிசையும் குட்டையாகும், நிறம் நீலத்திலிருந்து ஊதாவுக்கும் செம்பழுப்புக்கும் இறங்கி வரும், 12 குளுக்கோஸுக்கும் குறைந்த துண்டுகளில் நிறமே வராது. நொதி எவ்வளவு தூரம் வெட்டியிருக்கிறது என்பதை ஒரு சொட்டில் வெறும் கண்ணால் பார்க்கிறோம்! எனக்கு இது ஒருநாளும் அலுத்ததில்லை.

இந்த நீலத்தை 1814-ல் பிரான்சில் கோலன், கோத்தியே தெ குளோப்ரி என்ற இருவர் பதிவு செய்தார்கள். சுருளுக்குள் அயோடின் எப்படி நிற்கிறது என்பதோ 200 ஆண்டுகளாக விவாதமாகவே இருந்தது, ஏனென்றால் மாவுச்சத்து நல்ல படிகமாவதில்லை. 2016-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்துக் குழு ஒன்று வேறொரு படிகத்தில் அயோடின் முடிவில்லாத சங்கிலியாக நிற்பதைக் காட்டி, மாவுச்சத்திலும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று வலுவாக வாதிட்டது. அந்தக் குழுவின் ராம் சேஷாத்ரி முனைவர் பட்டம் பெற்றது நம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில். "இதனால் என்ன லாபம்" என்று கேட்டால் இப்படியான ஆராய்ச்சிக்குக் காசு கிடைக்காது. ஆராய்ச்சிக்கு நாம் செலவிடுவது நாட்டின் மொத்த உற்பத்தியில் 1 சதவீதத்தைக்கூட எட்டவில்லை, அதிலும் உடனே பயன் தரும் திட்டங்களுக்கே முதலிடம். இது மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

புள்ளி விழுந்த பழம் புற்றுநோயை எதிர்க்கும் டிஎன்எஃப்-ஐத் தருகிறது என்ற வாட்ஸப் செய்தியையும் இங்கேயே முடித்துவிடுவோம். டிஎன்எஃப் நம் நோயெதிர்ப்பு செல்கள் சுரக்கும் புரதம், வாழைப்பழத்தில் அது கிடையாது. சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இதை அனுப்பாதீர்கள்.

பிரெட்டுக்கு வருவோம். பழத்தில் மிஞ்சிய மாவுச்சத்து வேகும்போது தண்ணீரை இழுத்து உப்பி இறுகும், அதுதான் களி. சர்க்கரையாக மாறியிருந்தால் நேர்மாறு: மைதாவின் மாவுச்சத்து வேகத் தேவைப்படும் வெப்பநிலையைச் சர்க்கரை உயர்த்துகிறது, அதனால் பிரெட் இறுகுவதற்கு முன் வாயு விரியக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் மேலே நல்ல பழுப்பு நிறமும் தரும்.

ஆகவே பழத்தைக் காகிதப் பையில், ஓர் ஆப்பிளோடு வெளியிலேயே வையுங்கள். டிசம்பர், ஜனவரியில் பெங்களூரில் கூடுதல் நாள் பிடிக்கும், பொறுங்கள். கனிந்த பிறகு ஃப்ரிட்ஜோ ஃப்ரீசரோ தாராளமாக. ஏலக்கி என்ற சின்ன வாழைப்பழமும் நன்றாக வரும், ஒரு ரொபஸ்டாவுக்கு இரண்டு மூன்று போடலாம். வாழைப்பழத்தின் புளிப்பு சோடாவுக்குப் போதாது, ஒரு ஸ்பூன் வினிகரோ எலுமிச்சைச் சாறோ சேருங்கள், இல்லாவிட்டால் மிஞ்சும் சோடா சோப்பு வாடை அடிக்கும். நம் ஊர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்றழுத்தம் குறைவு, வாயு சற்று அதிகமாகவே விரியும், ஆகவே செய்முறையில் ஒரு டீஸ்பூன் சோடா என்றிருந்தால் முக்கால் போதும். வெந்ததும் வெட்டிவிடாதீர்கள், மாவுச்சத்து ஆறும்போதுதான் இறுகும், ஒரு மணி நேரமாவது விடுங்கள்.