ஹோமில் வளர்ந்தவர்கள் தொழில் தொடங்கும்போது

சிறுதொழில்களுக்குக் கணக்கு எழுதுவதும் கடன் விண்ணப்பம் தயாரித்துக் கொடுப்பதும் என் வேலை. தொழில் தொடங்க யோசனை கேட்டு வருபவர்களிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்பேன்: "ஆறு மாதம் கையில் காசே நிற்கவில்லை என்றால் எப்படிச் சமாளிப்பீர்கள்?" பெரும்பாலானவர்களின் பதிலில் ஒரு குடும்பம் இருக்கும். அப்பாவின் பென்ஷன், அக்காவின் சம்பளம், அம்மாவின் நகை. எதுவுமே இல்லாவிட்டாலும் ஊருக்குப் போனால் சாப்பாட்டுக்குக் குறைவிருக்காது என்ற தைரியம். குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்தவர்கள் இந்தக் கேள்விக்கு அமைதியாகிவிடுவார்கள். தொழில் தெரியும், உழைப்பார்கள், சிலருக்கு வாடிக்கையாளர்கள்கூட இருப்பார்கள். நொடித்துப்போனால் போய் நிற்க ஓர் இடம் மட்டும் இருக்காது.

இவர்களைப் பற்றிய பேச்சு வந்தாலே "கஷ்டம்தான் மனிதனை ஜெயிக்க வைக்கும்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அதற்கு ஜான் பால் டிஜோரியா போன்றவர்களை உதாரணமும் காட்டுவார்கள். லாஸ் ஏஞ்சலஸில் சிறுவனாக வளர்ப்பு இல்லத்தில் இருந்தவர், காரில் படுத்துத் தூங்கியவர், 1980-இல் வெறும் 700 டாலரில் தலைமுடிப் பராமரிப்புப் பொருட்கள் செய்யும் நிறுவனத்தைத் தொடங்கிப் பெரும் கோடீஸ்வரர் ஆனவர். எல்லாம் உண்மைதான். ஆனால் அப்போது அவருக்கு வயது 36. அதற்குள் கடற்படையில் இருந்துவிட்டார், வீடு வீடாக ஏறி இறங்கிக் கலைக்களஞ்சியம் விற்றுவிட்டார், அதே துறையில் ஒரு நிறுவனத்தில் வேலையும் பார்த்துவிட்டார். கூடச் சேர்ந்த பால் மிட்செல் அப்போதே பெயர் வாங்கிய சிகையலங்காரக் கலைஞர். 18 வயதில் ஒரு பையோடு வெளியே வரும் பிள்ளையிடம் இந்தக் கதையைச் சொல்லி "உன்னாலும் முடியும்" என்று தட்டிக்கொடுக்கிறோம். அவருக்குக் கிடைத்த அந்த 18 வருட அனுபவமும் நல்ல கூட்டாளியும் இந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து வரும் என்று யாரும் கேட்பதில்லை.

சரி, நம் ஊரில் நடைமுறையில் எங்கே தடுக்கிறது? பணத்துக்கு முன்னால் முகவரி தடுக்கிறது. பலரின் ஆதாரில் இருப்பது ஹோமின் முகவரி. அங்கிருந்து வெளியேறி வருடக்கணக்காகியும் மாற்றியிருக்க மாட்டார்கள், ஏனென்றால் வாடகை வீட்டுக்காரர் ஒப்பந்தம் எழுதித் தருவதில்லை. முத்ரா திட்டத்தில் 'சிசு' பிரிவில் 50,000 ரூபாய் வரை, 'கிஷோர்' பிரிவில் 5 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கடன் உண்டு. விதி அப்படித்தான் சொல்கிறது. கவுண்டரில் உட்கார்ந்தால் "அப்பா என்ன செய்கிறார்? தெரிந்தவர் யாராவது கையெழுத்துப் போடுவார்களா?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. அதோடு எழுந்து வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வங்கியைவிடக் கடினமானது கடைவீதி. மொத்த வியாபாரி கடனுக்குச் சரக்கு கொடுப்பதற்கு முன் கேட்பது "யார் வீட்டுப் பிள்ளை?" என்றுதான். ரொக்கத்துக்கே வாங்கித் தொழில் நடத்துவது எவ்வளவு சிரமம் என்பது சிறு வியாபாரிகளுக்குத் தெரியும். என்னிடம் வந்த ஒரு தையல்காரப் பெண்ணுக்கு இந்தக் கதவைத் திறந்தவர் அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மாஸ்டர். அவரே ஜவுளி மொத்தக் கடைக்குக் கூட்டிப்போய் "நம்ம பிள்ளை, கணக்குல சுத்தம்" என்று சொன்னார். அன்றிலிருந்து பதினைந்து நாள் தவணையில் துணி கிடைத்தது. எந்த மானியமும் செய்யாத வேலை அது. ஹோமுக்குப் பிறந்தநாள் சாப்பாடு போடும் நல்ல மனம் படைத்த வியாபாரிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: உங்கள் பெயரை ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள்.

சட்டமும் கைவிட்டுவிடவில்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 46-ஆம் பிரிவில், இல்லத்தை விட்டு 18 வயதில் வெளியேறுபவருக்கு நிதி உதவி தரலாம் என்கிறது. 'தரலாம்' என்பதால் கேட்காமல் கிடைக்காது. அந்தச் சட்டத்தின்கீழ் 2016-இல் வந்த மாதிரி விதிகள் இன்னும் விரிவானவை: தொழில் தொடங்க விரும்புவோருக்குக் கடனும் மானியமும் ஏற்பாடு செய்து தருவதையும் பிற்காப்பு (இல்லத்தை விட்டு வெளியேறிய பிறகு தரும் ஆதரவு) சேவைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கின்றன. இது பல இல்ல நிர்வாகிகளுக்கே தெரியாது. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் பிற்காப்புக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு.

இன்னொன்று, சாதிச் சான்றிதழ். பத்து வயதுக்கு முன்பே பெற்றோரை இழந்து, கவனிக்க வேறு யாரும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். வேலையில்லா இளைஞர்களுக்கான மாநில அரசின் சுயதொழில் திட்டத்தில் பொதுப் பிரிவினர் திட்டச் செலவில் 10 சதவீதம் சொந்தப் பணம் போட வேண்டும், பிற்படுத்தப்பட்டோர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினர் 5 சதவீதம் போட்டால் போதும். இல்லத்தின் பதிவேடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதே, அதாவது 17 வயதிலேயே, இந்தச் சான்றிதழை வாங்கிவிட வேண்டும். வெளியே வந்த பிறகு அலைச்சல் தாங்காது. அப்படியே வங்கிக் கணக்கு, பான் அட்டை, படித்த சான்றிதழ்களின் அசல், பிள்ளையை இல்லத்தில் சேர்க்க உத்தரவிட்ட குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு நகல் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்புங்கள்.

ஏற்கெனவே வெளியேறிவிட்டவர்களும் 21 வயது முடியாதவரை பிற்காப்பு கேட்கலாம். அதற்குப் போக வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. அது எங்கே என்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விசாரித்தால் சொல்வார்கள். வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.