நனைந்த படப் புத்தகத்தை வெயிலில் வைக்காதீர்கள்

பழுதான புத்தகங்களைச் செப்பனிடுவதுதான் என் தொழில். நாவல் ஒன்று நனைந்து வந்தால் நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன், தாள் நெளியும், கறை படியும், ஆனாலும் படித்துவிடலாம். அருங்காட்சியகத் தொகுப்பு, ஓவியம், சிற்பம் பற்றிய கனத்த படப் புத்தகத்தை வெயிலில் நன்றாகக் காயவைத்து எடுத்து வந்து, “பக்கமெல்லாம் கொஞ்சம் ஒட்டியிருக்கு, பிரிச்சுக் கொடுங்க” என்று நீட்டுவார்கள் பாருங்கள், அப்போதுதான் எனக்குக் கை ஓடாது. அதற்குள் அது செங்கல்லாகியிருக்கும்.

படம் துல்லியமாக விழ வேண்டும் என்பதற்காக இந்தப் புத்தகங்களின் வழவழப்பான ஆர்ட் பேப்பரின் மேல் வெள்ளைக் களிமண்ணையோ கால்சியம் கார்பனேட்டையோ பசையில் குழைத்துப் பூசியிருப்பார்கள். தண்ணீர் பட்டால் இந்தப் பூச்சு இளகி எதிர்ப் பக்கத்துப் பூச்சோடு சேர்ந்துகொள்ளும், காய்ந்ததும் இரண்டும் ஒன்றாக இறுகிவிடும். பிரித்தால் படம் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். அதற்குப் பிறகு யாராலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, நானும் சேர்த்துத்தான்.

அதனால் நனைந்த உடனே காயவைக்கக் கிளம்பாதீர்கள். வெயில், ஹேர் டிரையர், அயர்ன் பாக்ஸ் எதுவும் வேண்டாம். ஒரே ஒரு புத்தகம், கையில் நேரமும் இருக்கிறது என்றால், ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவே கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் ஒட்டாத தாளைச் செருகி, மெதுவாக ஃபேன் காற்றில் உலரவிடலாம். நான்கைந்து புத்தகங்கள் என்றால் அதெல்லாம் நடக்காது. ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு, முதுகுப்பகுதி கீழே இருக்கும்படி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். புத்தகத்தையா என்று வீட்டில் கேட்பார்கள், கேட்கட்டும். உறைந்த நிலையில் பூச்சு ஒட்டாது, பூஞ்சையும் வளராது, அப்புறம் நிதானமாக ஆள் தேடலாம். வெற்றிடத்தில் உறைநிலையிலேயே ஈரத்தை ஆவியாக்கி எடுக்கும் முறை இருக்கிறது. அதிலும் எல்லாப் பக்கமும் தப்பிவிடும் என்று நான் வாக்குக் கொடுப்பதில்லை. ஆனால் இதையெல்லாம் சில மணி நேரத்துக்குள் செய்ய வேண்டும். ஓரம் காய ஆரம்பித்தாலே ஒட்டத் தொடங்கிவிடும்.

படப் புத்தகம்தானே, வேறொன்று வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள் சிலர். கண்காட்சிக்கென்று ஒரே ஒருமுறை கொஞ்சமாக அச்சடித்து, அதோடு நின்றுபோன புத்தகங்கள் எத்தனையோ. படத்தில் இருக்கும் பொருளே இல்லாமல் போவதும் உண்டு. 1945 மே மாதம் பெர்லினில், பத்திரமாக இருக்கட்டும் என்று ஃப்ரீட்ரிக்ஸ்ஹைன் விமான எதிர்ப்புக் கோபுரத்தில் கொண்டுபோய் வைத்திருந்த 400க்கும் மேற்பட்ட ஓவியங்கள் தீயில் போயின, அவற்றில் இத்தாலிய ஓவியர் காரவாஜ்ஜோவின் ஓவியங்கள் மட்டுமே மூன்று. தேவதூதனோடு புனித மத்தேயு இருப்பதாக அவர் முதலில் வரைந்த ஓவியத்தைப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில்தான் இன்று பார்க்க முடிகிறது.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். இந்தப் புத்தகங்கள் கனம் என்பதால் எல்லோரும் அலமாரியின் அடித்தட்டில்தான் அடுக்குகிறார்கள், வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் முதலில் நனைவதும் அதுதான். அடித்தட்டைத் தரையிலிருந்து அரையடியாவது உயர்த்திவிடுங்கள். ஊருக்கெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருந்த நான் என் அலமாரிக்குக் கட்டை வைத்தது போன வருடம்தான்.