அங்குல லேத்தில் மில்லிமீட்டர் மரை

சின்ன லேத்தின் (கடைசல் இயந்திரத்தின்) இடது பக்க மூடியைத் திறந்தால் உள்ளே சில பல்சக்கரங்கள் ஒன்றையொன்று கவ்வி நிற்கும். மரையின் பிட்ச், அதாவது அடுத்தடுத்த இரண்டு புரிகளுக்கு இடையிலான தூரம், எவ்வளவு என்பதை முடிவு செய்வது அவைதான். டூலின் முனை மரைக்கு வடிவத்தை மட்டும் தருகிறது. வேலைப்பொருளைச் சுற்றும் அச்சு ஸ்பிண்டில்; டூலைச் சுமக்கும் கேரேஜை நகர்த்தும் நீளத் திருகு லீட் ஸ்க்ரூ. ஸ்பிண்டில் ஒரு சுற்றுச் சுற்றி முடிப்பதற்குள் லீட் ஸ்க்ரூ எவ்வளவு சுற்றுகிறதோ, அந்த அளவுக்கு கேரேஜ் நகரும். அந்த நகர்வுதான் பிட்ச்.

மைஃபோர்டு எம்.எல்.7 போன்ற லேத்தை எடுத்துக்கொள்வோம். அதன் லீட் ஸ்க்ரூவில் அங்குலத்துக்கு 8 புரி. அதாவது ஒரு சுற்றுக்கு கேரேஜ் 3.175 மி.மீ. நகரும். அங்குலத்துக்கு 16 புரி வேண்டுமென்றால் லீட் ஸ்க்ரூ பாதி வேகத்தில் சுற்றினால் போதும். 20 பல், 40 பல் என இரண்டு சக்கரம் மாட்டினால் வேலை முடிந்தது. ஆனால் 10 மி.மீ. விட்டமுள்ள எம்10 போல்ட்டுக்கு 1.5 மி.மீ. பிட்ச் வேண்டும். 1.5-ஐ 3.175-ஆல் வகுத்துப் பாருங்கள். சுருக்கினால் 60/127 என்று வந்து நிற்கும்.

இந்த 127 எங்கிருந்து வந்தது? ஓர் அங்குலம் சரியாக 25.4 மி.மீ. என்பது 1959-இல் அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட ஆறு நாடுகள் ஒப்புக்கொண்ட அளவு. 25.4 என்பது 127/5. இந்த 127 ஒரு பகா எண். இரண்டு சின்னச் சக்கரங்களாகப் பிரித்துக்கொள்ள வழியே இல்லை. துல்லியமான மெட்ரிக் மரை வேண்டுமென்றால் தொடரில் எங்கோ ஓரிடத்தில் 127 பல்லுள்ள சக்கரம் (அல்லது அதன் மடங்கு) இருந்தே ஆக வேண்டும். ஆனால் அது பெரிய சக்கரம். மாட்யூல் 1 (ஒரு பல்லுக்கு 1 மி.மீ. விட்டம்) அளவுப் பல்லில் செய்தால்கூட, பற்கள் கவ்வும் பிட்ச் வட்டத்தின் விட்டமே 127 மி.மீ. வரும். பல சின்ன லேத்துகளின் மூடிக்குள் அது அடங்காது.

இங்கேதான் 63 பல்லுள்ள சக்கரம் கைகொடுக்கிறது. 1600-ஐ 63-ஆல் வகுத்தால் 25.3968. உண்மையான 25.4-க்கு இவ்வளவு பக்கத்தில் வரும் சின்னச் சக்கரம் கிடைப்பது பெரிய கொடுப்பினை என்றே சொல்வேன். பிழை 0.0125 சதவீதம்தான். 100 மி.மீ. நீளத்துக்கு மரை போட்டால் மொத்தமாக 0.0125 மி.மீ. கூடும். 10 மி.மீ. நட்டுக்குள் அது ஒரு மைக்ரானைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். போல்ட், நட்டு போடுகிறவர் 127-ஐத் தேடி அலைய வேண்டாம். லீட் ஸ்க்ரூ மாதிரி நீளமான, அளவுக்குப் பயன்படும் மரை போடுகிறவருக்குத்தான் அது தேவை.

மாட்டும் முறையில் ஓர் அழகு உண்டு. ஸ்பிண்டிலின் வேகத்திலேயே சுற்றும் ஸ்டட்டில் (முதல் சக்கரம் மாட்டும் அச்சில்) 30 பல். அது நடு அச்சில் உள்ள 80 பல்லை ஓட்டும். அதே நடு அச்சில், 80-உடன் சேர்ந்து சுற்றும்படி 63 பல். அது லீட் ஸ்க்ரூவில் உள்ள 50 பல்லை ஓட்டும். 30 × 63 / (80 × 50) = 0.4725. இதை 3.175-ஆல் பெருக்கினால் 1.5002 மி.மீ. இனி 80, 63, 50 மூன்றையும் தொடவே வேண்டாம். முதல் சக்கரத்தை மட்டும் மாற்றுங்கள்: 20 பல் மாட்டினால் 1 மி.மீ., எம்6-க்கு, 25 என்றால் 1.25, எம்8-க்கு, 35 என்றால் 1.75, எம்12-க்கு, 40 என்றால் 2, எம்16-க்கு. பல்லின் எண்ணிக்கையை 20-ஆல் வகுத்தால் பிட்ச். இடைவெளி எட்டவில்லை என்றால் நடுவில் எத்தனை பல்லுள்ள ஐட்லரையும் (சுழற்சியைக் கடத்த மட்டும் உதவும் இடைச் சக்கரத்தையும்) சேர்க்கலாம். விகிதம் மாறாது, லீட் ஸ்க்ரூ சுற்றும் திசை மட்டும் மாறும்.

சக்கரங்களை இறுக்கும்போது பற்களுக்கு நடுவே ஒரு காகிதத் துண்டை வைத்து, நெருக்கி, போல்ட்டை முடுக்கிவிட்டுக் காகிதத்தை உருவி எடுங்கள். தேவையான இடைவெளி கிடைத்துவிடும். பிறகு டூல் லேசாகக் கீறும்படி ஒருமுறை ஓட்டி, பிட்ச் கேஜை (மரையோடு பொருத்திப் பார்க்கும் பல்லுள்ள தகட்டை) வைத்துப் பாருங்கள். சக்கரம் மாறிப் போயிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

அங்குல மரைக்குப் பழகியவர்கள் தடுமாறும் இடம் ஹாஃப் நட், அதாவது கேரேஜை லீட் ஸ்க்ரூவோடு இணைக்கவும் பிரிக்கவும் உதவும் பிளவு நட்டு. 16 புரி போடும்போது அதை எங்கே திறந்து எங்கே மூடினாலும் டூல் பழைய தடத்திலேயே இறங்கும். மெட்ரிக்கில் அப்படி நடக்காது. 127 சக்கரத்தோடு 1.5 மி.மீ. போட்டால், ஸ்பிண்டில் 127 சுற்றும் லீட் ஸ்க்ரூ 60 சுற்றும் முடித்த பிறகுதான் இரண்டும் ஆரம்ப நிலைக்குத் திரும்பும். கண்ணை மூடிக்கொண்டு ஹாஃப் நட்டைப் போட்டால் சரியான தடம் கிடைக்க 60-இல் ஒரு வாய்ப்புதான். 63 சக்கரத்தில் அது 189-இல் ஒன்று. ஹாஃப் நட்டை எப்போது மூடலாம் என்று காட்டும் த்ரெட் டயலும் உதவாது.

ஆகவே மரை முழு ஆழத்துக்கு வரும்வரை ஹாஃப் நட்டைத் திறக்கவே கூடாது. ஒவ்வொரு வெட்டின் முடிவிலும் முதலில் டூலை வெளியே இழுங்கள், பிறகு லேத்தைப் பின்னோக்கி ஓட்டி கேரேஜைத் திருப்புங்கள். டூலை இழுக்காமல் திருப்பினால் சக்கரங்களிலும் ஸ்க்ரூவிலும் உள்ள தளர்வு அதை மரையின் பக்கவாட்டில் மோத வைக்கும். ஆரம்ப இடத்தைத் தாண்டிக் கொஞ்சம் கூடுதலாகவே பின்னால் போய்விட்டு வாருங்கள்; வெட்டு தொடங்குமுன் அந்தத் தளர்வு தீர்ந்துவிடும். வேலைப்பொருளைப் பிடிக்கும் சக்கே ஸ்பிண்டிலின் மரையில் முடுக்கப்பட்டிருக்கும் லேத்துகளில் வேகமாகப் பின்னோக்கி ஓட்டினால் சக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. அவற்றில் ஸ்பிண்டிலின் பின்முனையில் ஒரு கைப்பிடியை மாட்டிக் கையால் சுற்றுவதே நல்லது. தோள் (தண்டு சட்டெனத் தடிக்கும் இடம்) வரை போகும் குட்டையான மரைக்கு மோட்டாரைவிட அதுதான் வசதி. எந்தச் சுற்றில் நிறுத்த வேண்டும் என்பது கைக்குத் தெரியும்.