இரண்டு சமக்குறி செய்த வேலை

உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்துகொண்டு, அக்காவின் மகன் தான் எழுதிய புரோகிராமை என் லேப்டொப்பில் பில்ட் செய்தான், அதாவது எழுதிய நிரலை ஓடக்கூடிய மென்பொருளாக ஆக்கினான். மீன் வாடிக் கணக்கு எழுதும் சின்ன மென்பொருள். பில்ட் கடைசிவரை ஓடி முடிந்தது. திறந்து பார்த்தால், கணக்கைச் சேமிக்கும் பகுதியையே காணவில்லை.

"மாமா, என்ட லேப்டொப்பில நல்லா ஓடினதுதானே!"

அவன் சொன்னது உண்மைதான். அவனிடம் இருப்பது ஃபெடோரா, என்னிடம் உபுண்டு; இரண்டும் லினக்ஸ் வகைகள். பில்டை நடத்தும் கட்டளைக் கோப்புதான் ஸ்கிரிப்ட்; அதிலுள்ள கட்டளைகளை வாசித்துச் செய்வது ஷெல் என்ற புரோகிராம். ஸ்கிரிப்டின் முதல் வரி அந்த ஷெல்லை இரண்டிலும் '/பின்/எஸ்எச்' என்றுதான் கூப்பிடுகிறது. ஆனால் அது வெறும் பெயர். ஃபெடோராவில் அந்தப் பெயருக்குப் பின்னால் நிற்பது பாஷ் என்ற ஷெல். உபுண்டுவோ 2006இல், 6.10 பதிப்பில், அந்த இடத்தில் டாஷ் என்ற வேறொரு ஷெல்லை வைத்தது. டாஷ் சின்னது, சட்டென்று தொடங்கும். ஆல்பைன் லினக்ஸில் அங்கே இருப்பது பிஸிபொக்ஸ். எல்லாவற்றுக்கும் பொதுவான இலக்கணம் போசிக்ஸ் தரம். பாஷ் அதற்கு மேலும் பலதைச் சேர்த்துப் பேசும். டாஷ் பெரும்பாலும் அந்த அளவோடு நிற்கும்.

சரி, பிழை எங்கே? சேமிப்புப் பகுதி வேண்டுமா என்று ஸ்கிரிப்ட் 'இஃப்' போட்டுப் பார்க்கும் வரியில். தமிழில் எழுதிக் காட்டினால் அந்த நிபந்தனை இதுதான்:

[ "$சேமிப்பு" == "ஆம்" ]

இந்த [ பார்க்க அடைப்புக்குறி போல இருந்தாலும் அது ஒரு கட்டளை. அதனால்தான் அதற்குப் பிறகு இடைவெளி விடாவிட்டால் ஷெல் சண்டை பிடிக்கும். போசிக்ஸ்படி ஒப்பிடுவதற்கு ஒற்றை = தான். பாஷ் இரட்டையையும் ஏற்றுக்கொள்ளும். டாஷ் அதைப் புரியாத குறி என்று முறையிட்டு, 2 என்ற எண்ணைத் திருப்பித் தரும்.

இனித்தான் வினை. 'இஃப்' பார்ப்பது ஒன்றே ஒன்று: வந்த எண் 0 தானா? சமமில்லை என்றால் வருவது 1, கேள்வியே புரியவில்லை என்றால் 2. இரண்டும் அதற்கு ஒரே 'இல்லை'தான். ஆகவே சேமிப்பு வேண்டாம் என்ற கிளைக்குப் போய்விட்டது. முறையீட்டு வரி திரையில் வந்ததுதான்; கொம்பைலர் கொட்டிய வரிகளுக்குள் யார் கண்டது? பிழை வந்ததும் நிறுத்தச் சொல்லும் 'செட் -இ' கூட, 'இஃப்' நிபந்தனைக்குள் நடப்பதைக் கண்டுகொள்ளாது. நடுவில் உடைந்து நிற்கும் பில்டைவிட இப்படி முடிந்துவிடும் பில்டுக்குத்தான் நான் பயப்படுவேன்.

1991இல் வந்த ஓட்டோகொன்ஃப் என்ற கருவி, பழைய ஷெல்களிலும் ஓடக்கூடிய ஸ்கிரிப்டைத் தானே எழுதித் தரும். ஆனால் நாம் இடையில் சேர்க்கும் ஷெல் வரிகளை அப்படியே இறக்கிவிடும். இந்த == நுழைவது அந்த வழியால்தான்.

எழுத்தை வெளியிடும் 'எக்கோ' கட்டளையும் இப்படித்தான் ஷெல்லுக்கு ஷெல் மாறும். பின்சாய்கோடு (\) வரக்கூடிய இடத்தில் அதற்குப் பதிலாக 'பிரிண்ட்எஃப்' போடுங்கள். அப்புறம், ஃபெடோராவிலேயே டாஷை நிறுவி ஸ்கிரிப்டை அதில் ஒருதரம் ஓட்டிப் பார்க்கலாம். ஷெல்செக் என்ற கருவியும் இப்படியான வரிகளைக் காட்டித் தரும்.

மருமகன் ஒரு சமக்குறியை அழித்துவிட்டு மறுபடி பில்ட் செய்தான். நாலு கிலோ சூடை, இரண்டு கிலோ பாரை என்று பதிந்து, மூடித் திறந்தான். கணக்கு இருந்தது.