களக்காடு முண்டந்துறை காட்டில் ராத்திரி தங்க வேண்டுமா? முதலில் அனுமதி, அப்புறம் டிக்கெட்

திருநெல்வேலி மலைக்காட்டில் இருக்கும் காரையாறு, மாஞ்சோலை என்று பேச்சு வந்தாலே "ஒரு ராத்திரி தங்கிட்டு வரலாமா?" என்று அடுத்த கேள்வி வந்துவிடும். வரலாமா, கூடாதா என்பதைத் தீர்மானிப்பது நம் கையில் இல்லை. சோதனைச்சாவடியில் பணம் கட்டி வாங்கும் ரசீது பகலில் போய்விட்டுப் பொழுது சாயும் முன் இறங்கி வருவதற்குத்தான். தங்குவதற்குத் தனி அனுமதி வேண்டும், அதைக் கையில் வாங்காமல் சென்னையிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போடுவது வீண் வேலை.

முண்டந்துறை 1962-லும் களக்காடு 1976-லும் சரணாலயங்கள் ஆயின. இரண்டையும் சேர்த்து 1988-ல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் இதுதான். உள்வட்டப் பகுதி மட்டும் சுமார் 895 சதுர கிலோமீட்டர். நாம் போக ஆசைப்படும் இடங்கள் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கின்றன. சிலர் இதைத் தேசியப் பூங்கா என்கிறார்கள். அது சரியில்லை, ஆனால் உள்ளே நுழையும் விதிகள் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அந்த விதிகள் இருப்பது 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில். 27-வது பிரிவு யார் யார் அனுமதிச் சீட்டு இல்லாமல் உள்ளே இருக்கலாம் என்று சொல்கிறது: வேலையில் இருக்கும் அரசு ஊழியர், உள்ளே வசிக்க அனுமதி பெற்றவர், அங்கே நிலத்தின் மேல் உரிமை உள்ளவர், இவர்களைச் சார்ந்து வாழும் குடும்பத்தார், அப்புறம் பொது நெடுஞ்சாலை வழியாகக் கடந்து போகிறவர். கடைசி வகையைத்தான் பலர் பிடித்துக்கொள்கிறார்கள். "ரோடு எல்லாருக்கும் பொதுதானே" என்பார்கள். கடந்து போகலாம், சரி. ஓரமாக வண்டியை நிறுத்தி டேரா போட அந்த வரி இடம் தரவில்லை.

மற்ற எல்லாருக்கும் 28-வது பிரிவு. ஆராய்ச்சி, புகைப்படம், சுற்றுலா, உள்ளே வசிப்பவரோடு நியாயமான கொடுக்கல் வாங்கல் என்று காரணங்களை அதுவே வரிசையாகச் சொல்லிவிடுகிறது. சீட்டுக் கொடுக்கும் அதிகாரம் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு. நம் ஊரில் அணுக வேண்டியது துணை இயக்குநர் அலுவலகம். அது இரண்டு இருக்கிறது. பாபநாசம், முண்டந்துறை, காரையாறு, மணிமுத்தாறு, மாஞ்சோலைப் பக்கம் என்றால் அம்பாசமுத்திரம் கோட்டம். தலையணை, செங்கல்தேரி, திருக்குறுங்குடி நம்பிமலைப் பக்கம் என்றால் களக்காடு கோட்டம். ஆள் மாற்றிக் கேட்டால் அலைச்சல்தான் மிச்சம். எத்தனை பேர், எந்தத் தேதி, வண்டி எண், எதற்காக என்று எழுதி, ஆதார் நகலோடு கொடுங்கள். பதில் எழுத்தில் வரட்டும். "போனில் சரின்னு சொன்னாங்க" என்பது சாவடியில் செல்லாது.

எங்கே தங்குவது? முண்டந்துறை, குதிரைவெட்டி, செங்கல்தேரி ஆகிய இடங்களில் வனத்துறையின் ஓய்வு விடுதிகள் உண்டு. அவற்றை லாட்ஜ் என்று நினைக்கக் கூடாது. துறை அலுவலர் வந்தால் அவருக்குத்தான் முதலிடம், பொதுமக்களுக்குத் திறப்பதும் மூடுவதும் துறையின் முடிவு. மாஞ்சோலை கதையே வேறு. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,373 ஏக்கரை 1929-ல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த தேயிலைக் கம்பெனி, 2024-ல் தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் அனுப்பியது. முன்பெல்லாம் தொழிலாளர்களின் லைன் வீட்டில் சொந்தக்காரர் இருந்தால் போதும், போய்ப் படுத்துக்கொள்ளலாம். அந்தக் காலத்து நினைப்பில் இப்போது பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள்.

காணி பழங்குடி மக்கள் குடியிருப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன மயிலாறு, பெரிய மயிலாறு, காரையாறு அணைக்கு அப்பால் இஞ்சிக்குழி. அங்கே இருப்பவர்களுக்கு 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் உரிமை தருகிறது. அது அவர்கள் உரிமை, விருந்தாளியோடு பங்கு போட முடியாது. நண்பர் மனதார அழைத்தாலும் நீங்கள் 28-வது பிரிவுக்குள்தான் வருவீர்கள். அனுமதி இல்லாமல் போய் மாட்டிக்கொண்டால், அடுத்த நாள் நீங்கள் ஊருக்குப் போய்விடலாம். வனத்துறை அலுவலகத்துக்கு நடக்கப்போவது அந்த நண்பர்தான். எனக்கு இது சரியாகப் படவில்லை.

அனுமதி வந்துவிட்டது என்று வையுங்கள். சாவடியில் பை திறக்கப்படும். ஷாம்பு சாஷே, தண்ணீர் பாக்கெட், கேரி பேக், மது பாட்டில், எல்லாம் வெளியே வரும். புளியோதரையை வாழையிலையில் கட்டி, ஸ்டீல் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோனால் வாக்குவாதமே இல்லை. கத்தி விஷயத்தில் கவனம் வேண்டும். வன உயிரினச் சட்டத்தில் 'ஆயுதம்' என்பதற்குள் கத்தி, தூண்டில் முள், வலை, கண்ணி எல்லாமே அடக்கம், முன்அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. தாமிரபரணியில் மீன் பிடித்துச் சுடலாம் என்ற திட்டம் இருந்தால் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். காட்டுக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டுவது தனிக் குற்றம்.

உள்ளே தங்கியிருக்கும் வரை உங்களுக்கும் சில கடமைகள் உண்டு, இது பலருக்குத் தெரியாது. மிருகத்தைச் சீண்டக் கூடாது, குப்பை போடக் கூடாது என்பதோடு முடியவில்லை. தீ கண்டால் அணைக்க முயல வேண்டும். செத்த விலங்கைப் பார்த்தால் தகவல் சொல்ல வேண்டும். குற்றம் நடக்காமல் தடுக்க வேண்டும். விதியை மீறினால் பொதுவாக 3 வருஷம் வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ வரலாம். முன்பு 25,000 ஆக இருந்த தொகையை 2022-ல் வந்த திருத்தம் ஏற்றியது. புலிகள் காப்பகத்தின் உள்வட்டப் பகுதியில் நடக்கும் குற்றத்துக்குத் தண்டனை இன்னும் கடுமை, சிறை 3 வருஷத்துக்குக் குறையாமல் 7 வருஷம் வரை போகலாம்.

தேதி பார்ப்பதிலும் சூட்சுமம் உண்டு. வருஷா வருஷம் புலிக் கணக்கெடுப்பு நாட்களில் காப்பகத்தை மூடுவார்கள். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் வரும், அப்போது வாகனக் கட்டுப்பாடு தனி. வடகிழக்குப் பருவமழையில் மாஞ்சோலைப் பக்கத்து எஸ்டேட்டுகளான ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி பெயர்கள் மழைப் பட்டியலில் முதலில் வரும். 2023 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருப்பவர்கள் அந்த மாதங்களில் மலைப்பாதையை நம்ப மாட்டார்கள். அனுமதி கிடைக்காவிட்டால் அம்பாசமுத்திரத்திலோ விக்கிரமசிங்கபுரத்திலோ அறை எடுத்து, விடியற்காலையில் சாவடி திறக்கும் நேரத்துக்குப் போய் நிற்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். பஸ்ஸில் போகிறவர்கள் ஏறும்போதே கண்டக்டரிடம் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.