ஓடுபாதை ஓரத்தில் ஒரு நூல்

தை மாதத்தில் யாழ்ப்பாணத்துக் கரையோர ஊர்களில் இரவு முழுக்க, பட்டத்தில் கட்டிய விண் என்ற நாண் காற்றில் கூவும். பட்டத்தை ஏற்றி மரத்தில் கட்டிவிட்டுப் படுத்துவிடுவார்கள். அது விடியும்வரை தன்பாட்டில் நிற்கும். சில பட்டங்கள் அறுத்துக்கொண்டு போகும். போன பட்டத்தைத் தேட ஆள் உண்டு. அதன் நைலோன் நூல் எங்கே கிடக்கிறது என்று யாரும் தேடுவதில்லை.

அப்படி ஒரு நூல், யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தின் ஓடுபாதை ஓரத்தில் புல் வெட்டுகிற ஒருவரின் கண்ணில் படுகிறது என்று வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து இங்கே வந்துபோகும் ஏ.ரி.ஆர். 72 விமானத்துக்கு இரண்டு சுழலிகள், ஒவ்வொன்றிலும் விசிறியைப் போல ஆறு அலகுகள். நூல் போய்ச் சுற்றிக்கொள்ளக்கூடிய இடம் அது. அவர் நூலைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுப் புல்லை வெட்டினால், அந்த நூலால் இனி ஒன்றும் வராது. ஆனால் நாளைக்கு இன்னொரு நூல் விழும், அது விழக்கூடும் என்பது நிலையத்தில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

'பாதுகாப்பு முகாமைத்துவ முறைமை' என்று விமானத்துறையில் சொல்வது, அந்த நூலைச் சட்டைப்பையிலிருந்து மேசைக்குக் கொண்டுவரும் ஏற்பாட்டைத்தான். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 19ஆவது பின்னிணைப்பு 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. கொள்கை, இடர் முகாமைத்துவம், பலன் கிடைத்ததா என்ற கண்காணிப்பு, பயிற்சியும் தகவல் பகிர்வும் என்று நான்கு பகுதிகளை அது கேட்கிறது. கொள்கையை எழுதிச் சுவரில் மாட்ட ஒரு நாள் போதும். மற்ற மூன்றும் அன்றாட வேலை.

சரி, நூல் மேசைக்கு வந்துவிட்டது. இரண்டு கேள்விகள் கேட்கப்படும்: இது எத்தனை தடவை நடக்கக்கூடும், நடந்தால் எவ்வளவு மோசமாகும்? ஆடியில் கேட்டால் ஒரு பதில், தையில் கேட்டால் வேறு பதில். பிறகு ஏதாவது செய்கிறார்கள். முதல் விமானம் வருமுன் ஓடுபாதையை இன்னொரு தடவை பார்க்கிறார்கள். வசாவிளான், மயிலிட்டிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் போய்ப் பேசுகிறார்கள். கோப்பில் 'நிறைவேற்றப்பட்டது' என்று எழுதியாகிவிடும். பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முறைமை படுத்துவிடுகிறது. பேசினோமா என்பதை அல்ல, அடுத்த தையில் எத்தனை நூல் கிடந்தது என்பதை எண்ண வேண்டும். எண்ணிக்கை குறையவில்லை என்றால் செய்த வேலை போதவில்லை, வேறு வழி பார்க்க வேண்டும்.

இதெல்லாம் அந்தப் புல் வெட்டுகிறவர் வாயைத் திறந்தால்தான் நடக்கும். "நீ ஏன் அந்நேரம் அங்க நிண்டனி?" என்று முதல் ஏச்சு விழுந்தால், அடுத்த நூல் சட்டைப்பைக்குள்தான் போகும். அதற்காக எல்லாவற்றையும் மன்னிப்பது என்றில்லை. குடித்துவிட்டு விமானத்தருகே வண்டி ஓட்டுகிறவரை யாரும் காக்கத் தேவையில்லை. தவறு நடந்தால், அதே பயிற்சி பெற்ற இன்னொருவரும் அந்த நிலையில் அப்படித்தான் செய்திருப்பாரா என்று கேட்டுப் பார்ப்பார்கள். ஆம் என்றால், திருத்த வேண்டியது வேலை ஒழுங்கைத்தான்.

பேசியும் செய்தி போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1974 டிசம்பர் 1 சாட்சி. வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தை நெருங்கிய டி.டபிள்யூ.ஏ. என்ற அமெரிக்க நிறுவனத்தின் 514 விமானம், இறங்குவதற்கான அனுமதியைத் தவறாகப் புரிந்துகொண்டு வேர்ஜீனியா மலையில் மோதியது. 92 பேரும் இறந்தார்கள். ஆறு கிழமைக்கு முன்னர் யுனைடெட் என்ற வேறொரு நிறுவனத்தின் விமானிகள் அதே குழப்பத்தில் அதே மலையிலிருந்து மயிரிழையில் தப்பியிருந்தார்கள். தங்கள் நிறுவனத்துக்குச் சொல்லியும் இருந்தார்கள். அந்தச் செய்தி மற்ற நிறுவனத்து விமானிகளுக்குப் போகவில்லை. இதற்குப் பிறகுதான் 1976இல் நாசா நடத்தும் அறிக்கையிடல் முறை வந்தது. தண்டிக்கும் அதிகாரம் நாசாவிடம் இல்லை. அறிக்கை எழுதியவரின் பெயரையும் நீக்கிவிடுகிறார்கள்.

இன்னொன்றும் வேண்டும், பதில். கொடுத்த நூலுக்கு என்ன ஆனது என்று தெரியாவிட்டால் மூன்றாவது தடவை யாரும் வந்து சொல்லமாட்டார்கள். மேற்பார்வையாளர் புல்வெளிக்கே நடந்து போய், "அண்ணை, நீங்கள் தந்த நூலுக்குப் பிறகு காலமை ஒருக்கா கூடுதலாகப் பாதையைப் பார்க்கிறம். வேலி உயர்த்தக் கேட்டனீங்கள், அது இப்ப ஏலாது, ஏனெண்டால்…" என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.